முதலில் வாயில் வருகிற சொல்

டிவியில் கதாநாயகியை நாலு தடியன்கள் துரத்தத் தொடங்கியதுமே அவள் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து சத்தத்தை அடைத்தாள். இனி அந்தப் பெண் எங்கே போய் மூச்சு வாங்க நிற்பாள், என்ன சொல்லிக் கத்துவாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தச் சொல் இந்த வீட்டுக்குள் கேட்கக் கூடாது. கேட்டால் பின்புறக் கூண்டுகளில் இருக்கிற நாய்கள் அத்தனையும் கம்பிவலையில் மோதிக்கொண்டு வெறிபிடித்தது போலக் கத்தும். ஒருமுறை அப்படி மோதியதில் ஒரு நாய்க்கு முன்பல் உடைந்துபோனது. அந்தப் பல்லுக்காக அவள் வாங்கிய அடியில் ஒரு வாரம் மல்லாந்து படுக்க முடியவில்லை.

அவள் புருஷன் காவல் நாய்களைப் பழக்கி விற்பவன். எல்லோருக்கும் அவன் மாஸ்டர். வீட்டில் யாரும் பேசாத ஒரு சொல்லை நாய்க்குக் கட்டளையாகச் சொல்லித் தர வேண்டும் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். அதனால்தான் மற்றவர்கள் இங்கிலீஷில் சொல்லித் தருகிறார்கள். மாஸ்டருக்கு அடுத்தவன் செய்வதைச் செய்தால் தூக்கம் வராது. நாய் வாங்க வருகிறவர்களிடம் மார்தட்டிக்கொள்வான்.

"கழுத்துல கத்திய வச்சா யாருக்குங்க இங்கிலீஷ் ஞாபகம் வரும்? முதல்ல வாயில என்ன வருமோ அதையே சொல்லிக் குடுத்திருக்கேன். 'காப்பாத்து'ன்னு ஒரு கத்து கத்துங்க. மிச்சத்த அது பாத்துக்கும்."

வந்தவர்கள் சொக்கிப்போவார்கள். 'காப்பாத்து' என்றால் பாய்ந்து கடிக்க வேண்டும். 'போதும்' என்றால் விட வேண்டும். வேறு எந்தச் சொல்லுக்கும் விடக் கூடாது.

யாரைக் கடிப்பது? அவளைத்தான். முன்பு திருடன் வேஷத்துக்கு ஓர் ஆள் இருந்தான். தொடையில் ஒரு பிடி சதை போனபிறகு அவன் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. மாஸ்டர் வேறு ஆள் தேடவில்லை, அவன் போட்டுக்கொண்டிருந்த கடிதாங்கிக் கோட்டை எடுத்து அவளுக்கு மாட்டிவிட்டான். சணலும் தோலும் வைத்துத் தைத்த, சிமெண்டு மூட்டை கனம் கனக்கிற கோட்டு. வலது கையில் கம்பை ஓங்கிக்கொண்டு அவள் ஓடிவர வேண்டும். மாஸ்டர் சங்கிலியை அவிழ்த்துவிட்டு அந்தச் சொல்லைச் சொல்வான். கம்பை ஓங்கிய கையை நாய் கவ்வும். கோட்டைத் தாண்டிப் பல் இறங்காதே தவிர, அழுத்தம் எலும்புவரை போகும். கோட்டைக் கழற்றினால் சோறு வைப்பவளும் அவள்தான், காது கழுவி மருந்து போடுபவளும் அவள்தான். இதில் நாய்களுக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. கம்பை ஓங்கினால் திருடன், கீழே போட்டால் அம்மா.

குழப்பமெல்லாம் அவளுக்குத்தான். உலகத்தில் எல்லோரும் ஆபத்தில் கத்துகிற சொல்லை அவள் மட்டும் கத்த முடியாது. சாமியிடம்கூட, "பாத்துக்கோ சாமி" என்றுதான் முணுமுணுப்பாள். சாமியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மாஸ்டர் கதவைச் சாத்திவிட்டு அடிக்கும்போது, "போதுங்க, போதுங்க" என்பாள். எப்பேர்ப்பட்ட முரட்டு நாயும் அந்தச் சொல்லைக் கேட்டால் வாயை எடுத்துவிடும். மாஸ்டருக்கு மட்டும் அது பழகவில்லை.

அன்று காலை கோட்டை வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். பல் பட்டுப் பிய்ந்த கோட்டைத் தைத்துக் கொடுப்பது அங்கே இருக்கிற தையல்காரம்மாதான். கோட்டை நீட்டும்போது அந்த அம்மாளின் கண் இவளுடைய வலது கையில் விழுந்தது. மணிக்கட்டு புடைத்துப் பனம்பழம் போல இருந்தது.

"இது நாய் வேலையா, நாய்க்காரன் வேலையா?"

"சோத்துல உப்பு தூக்கலாப் போச்சுக்கா."

"கிழிஞ்ச கோட்டக் கொண்டாந்து தைக்கச் சொல்லத் தெரியுது அவனுக்கு. உன்ன யாருடி தைக்கிறது?"

அவள் சிரித்து மழுப்பிவிட்டு வந்தாள். அழுதால் அந்த அம்மாள் சுவர் ஏறிக் குதித்து வந்து சண்டை போடும், அதற்கும் சேர்த்து இவள்தான் வாங்க வேண்டியிருக்கும்.

குடோன் முதலாளி மந்திரியைப் பார்க்க வந்திருந்தார். மந்திரி என்பது கூண்டில் இருப்பதிலேயே பெரிய நாய். யாரையும் மதிக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதால் அவள் வைத்த பெயர். கோட்டை மாட்டும்போதே மாஸ்டரிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"கையத் தூக்க முடியலைங்க. நாளைக்கு வரச் சொல்லலாமா?"

"நடிக்காத. ஓடு."

ஓடினாள். பாதி மைதானம் வந்து கையை ஓங்கப் பார்த்தாள். தோள் வரைக்கும்கூட வரவில்லை. கம்பு நழுவிக் காலடியில் விழுந்தது. மாஸ்டர் அதற்குள் கத்திவிட்டிருந்தான். அம்பு போலப் பாய்ந்து வந்த மந்திரி, ஓங்கிய கையைக் காணாமல் அவள் முன்னால் சறுக்கிக்கொண்டு நின்றது. மோந்து பார்த்தது. பிறகு வீங்கிய விரல்களை நக்க ஆரம்பித்தது.

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "என்ன மாஸ்டர், திருடனுக்கு முத்தம் குடுக்குது! இத வாங்கிட்டுப் போனா குடோனக் கூட்டிப் பெருக்கி வச்சுத் திருடனக் கூப்பிடும்போல."

மாஸ்டரும் கூடச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டதென்று அவளுக்குத் தெரியும். வண்டி கிளம்பி, வாசல் கேட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"கழட்டு."

"என்னங்க?"

"கோட்டக் கழட்டுடி. தோலக் கடிச்சுக் கடிச்சுத்தான் அதுக்குச் சொரணை செத்துப்போச்சு. இன்னிக்கு நெஜச் சதையில ருசி காட்டுறேன். அப்புறம் எவனையும் நக்காது."

அவளுக்கு முன்பிருந்த ஆளின் தொடை கண்முன் வந்தது. சதை தொங்க, கீழே கிடந்து அவன் மண்ணைப் பிறாண்டியது வந்தது. பட்டனை அவிழ்க்க விரல் ஒத்துழைக்கவில்லை. மாஸ்டரே கோட்டைப் பிடித்து உருவி எறிந்தான். கீழே கிடந்த கம்பை எடுத்து முதல் அடியை அவள் தோளில் போட்டான். இரண்டாவது காதோடு சேர்த்து விழுந்தது. காதுக்குள் ஒரே ரீங்காரம்.

"போதுங்க" என்றாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இத்தனை காலமும் அடி உதையெல்லாம் சாத்திய கதவுக்குள். மந்திரி இதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. சங்கிலி இல்லாமல் நின்று, இவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது.

மாஸ்டர் கம்பைத் தலைக்குமேல் ஓங்கினான். ஓங்கியபடியே நாயைப் பார்த்து, தொண்டை கிழிய அந்தச் சொல்லைச் சொன்னான்.

"காப்பாத்து!"

அவள் கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். மூச்சுக்காற்று ஒன்று முகத்தை உரசிக்கொண்டு போனது. கோட்டுக்குள்ளிருந்து அவள் எத்தனையோ தடவை கேட்ட சத்தம்தான் கேட்டது, இந்த முறை சணல் கிழியும் சத்தம் மட்டும் இல்லை. கண்ணைத் திறந்தபோது மாஸ்டர் மண்ணில் கிடந்தான். கம்பை ஓங்கிய முன்னங்கை மந்திரியின் வாய்க்குள் இருந்தது.

"விடு! சனியனே, விடு!"

'விடு' என்ற சொல்லை மந்திரி கேள்விப்பட்டதே இல்லை. இடது கையால் அதன் மூக்கில் குத்தினான். அது தலையை உதறியது. எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கு நன்றாகவே கேட்டது. ரத்தம் முழங்கைவரை வழிந்து மண்ணில் சொட்டியது. சொல்ல வேண்டிய சொல்லை அவன் மறந்துபோயிருந்தான். தானே தேர்ந்தெடுத்து, தானே பழக்கிய சொல். வலியில் அது எங்கோ தொலைந்து, முதலில் வாயில் வருவதுதான் வந்தது.

"காப்பாத்து! ஐயோ, காப்பாத்துடி!"

மந்திரி பிடியை மாற்றி இன்னும் ஆழமாகக் கவ்வியது. கூண்டுகளில் மற்ற நாய்கள் கம்பிவலையில் மோதின. ஒரு கதவின் கொண்டி ஆடியது. அவன் மறுபடியும் அதையே கத்தினான். கொண்டி இன்னும் ஆடியது.

சுவருக்கு மேலே தையல்காரம்மாவின் தலை தெரிந்தது. "அடிப்பாவி, என்னடி பாத்துக்கிட்டிருக்கே? ஏதாவது சொல்லித் தொலையேன்டி!"

சொல்லலாம். ஒரே ஒரு சொல்தான், அவளுக்குப் பழகிய சொல்தான். அவன்மேல் இரக்கம்கூட வந்தது. இந்த நேரத்திலும் வருகிறதே என்று அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம் பொங்கியது. எழுந்து நின்றாள். காதிலிருந்து கழுத்துக்குச் சூடாக ஏதோ வழிந்தது. உதடுகளைப் பிரித்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மந்திரி வாயை எடுக்காமலேயே கண்ணை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தது. வேலையைச் சரியாகச் செய்த நாட்களில் ஆட்டுவது போல, அதன் வால் மண்ணைக் கூட்டிக்கொண்டு மெல்ல ஆடியது.