அடிக்குப் போன ஜாக்கெட்

தையல்காரிக்கு நீச்சல் தெரியாது. இருந்தும் தங்கை ஏரிக்குக் கூப்பிட்டபோது வாய் தவறிச் சரி என்றுவிட்டாள். விடிந்தால் பயணம். இரண்டு ஜோடிகள், இரண்டு கயாக் படகுகள், இரண்டு நாள்.

பருத்தித் துணி ஆகாது, நனைந்தால் உடம்புச் சூட்டையே உறிஞ்சிவிடும் என்று தங்கை சொல்லியிருந்தாள். அதனால் கம்பளிச் சட்டைகளையும் மாற்றுக் காலுறைகளையும் தண்ணீர் புகாத பையில் திணித்து, வாயை மூன்று சுற்றுச் சுருட்டிக் கொக்கி மாட்டினாள். துணி நனையாமலிருக்க இத்தனை ஏற்பாடு, ஆளுக்கு என்ன இருக்கிறது என்று தோன்றியது. ஏரிக்குப் போகிறோமா, படையெடுக்கிறோமா என்று பஸ் ஓட்டும் கணவர் கேலி செய்தார்.

மிச்சமிருந்தவை லைஃப் ஜாக்கெட்டுகள். யாரோ ஒரு தோழி வீட்டுப் பரணிலிருந்து முன்பே நான்கை இறக்கி வைத்திருந்து, இரண்டை இங்கே கொடுத்திருந்தாள் தங்கை. ஒன்றை மாட்டிப் பார்த்தவளின் விரல் நெஞ்சருகே நின்றது. இருபது வருஷம் துணி தொட்ட விரல். உள்ளே, மிதப்பதற்காக அடைத்திருந்த இலவம்பஞ்சு கட்டிகட்டியாகக் கிடந்தது. ஓரத் தையலைப் பிரித்தாள். தண்ணீர் புகாமலிருக்கப் பஞ்சைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை நொறுங்கிப்போயிருந்தது.

குளியல் தொட்டியை நிரப்பி ஜாக்கெட்டைப் போட்டாள். மிதந்தது. அப்பாடா என்று எழுந்தவள், எதற்கோ மறுபடி திரும்பிப் பார்த்தாள். ஒரு தோள் சரிந்திருந்தது. குமிழி குமிழியாக மூச்சு விட்டபடி அது மெல்ல இறங்கி, கால் மணி நேரத்தில் அடியில் படுத்துக்கொண்டது. கணவரின் ஜாக்கெட் இன்னும் சீக்கிரம் போனது. அவர் கேலியை நிறுத்திவிட்டார்.

போனில் தங்கை சலித்துக்கொண்டாள். “உனக்குப் பயம்க்கா. வராம இருக்க ஒரு சாக்கு.”

“பயம்தான்டி. உன்னோடதைத் தண்ணில போட்டுட்டு வந்து பேசு.”

குழாய்ச் சத்தம் கேட்டது. கால் மணி நேரம் தையல்காரி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. திரும்பி வந்த குரல் தங்கையுடையது மாதிரியே இல்லை.

“போன மாசம் இதை நம்பித்தான்க்கா நடு ஏரி வரைக்கும் போனேன். தனியா.”

பயணம் தள்ளிப்போனது. தங்கையிடமிருந்த இரண்டையும் வாங்கி, நான்கையும் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டித்தான் குப்பையில் போட்டாள் தையல்காரி, யார் கையிலும் சிக்கக் கூடாதென்று.

இரண்டு வாரம் கழித்து, புது ஜாக்கெட்டுகளோடு கரையோரத்தில் நின்றார்கள். முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் படகோடு தன்னைக் கவிழ்த்துவிடக் கணவரிடம் சொன்னாள் தையல்காரி. மூக்கில் தண்ணீர் ஏறி, உலகமே இருண்டது. மறுநொடி ஜாக்கெட் அவளை மேலே தூக்கியது. இருமித் தீர்த்து, கண்ணைத் துடைத்துப் பார்த்தாள். மீன் மாதிரி நீந்துகிற தங்கை கணுக்காலளவுத் தண்ணீரில், படகுக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்து நின்றிருந்தாள்.

“வாடி, நான் பிடிச்சுக்கறேன்” என்றாள் அக்கா. அவள் பற்களும் தந்தியடித்துக்கொண்டுதான் இருந்தன. அன்று இருவரும் கரையை விட்டுப் பத்தடிக்கு மேல் போகவில்லை.