எல்லோரும் நலம் என்று தொடங்கிய ஈமெயில்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஃபேனுக்குக் கீழே இன்னும் இடமிருக்கிறது. நல்ல மனசுக்காரர்கள் மூன்று பேருடைய கதை சொல்கிறேன். நடுவில் எழுந்து போய்விடாதீர்கள்.

காக்ஸ் டவுனில் டோரதி டீச்சரைத் தெரியாதவர்கள் கிடையாது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தவள். சர்ச்சில் ஆர்மோனியம் வாசிப்பவர் அவள் புருஷன் ஓஸ்வால்ட். இரண்டு காலாலும் மிதித்து வாசிக்கிற பெரிய பெட்டி அது. அவருக்குச் சர்க்கரை.

இரண்டாயிரத்து ஒன்றில், அவருக்கு வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் சுனிதா மருந்துச் சீட்டின் மூலையில் தன் ஈமெயில் விலாசத்தை எழுதிக் கொடுத்தாள்.

"அங்கிளை இழுத்துக்கிட்டு வந்து கியூவில நிக்காதீங்க ஆன்ட்டி. கால்ல சின்னதா புண்ணு தெரிஞ்சாலும் ஒரு மெயில் போடுங்க. நான் பார்த்து சொல்றேன்."

"பதில்ல ஸ்பெல்லிங் தப்பா இருந்தா இவ மார்க் கொறைப்பா டாக்டர், ஜாக்கிரதை" என்றார் ஓஸ்வால்ட்.

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை அவருடைய இடது கால் சுண்டுவிரல் கறுத்திருந்தது. வலியே இல்லை. டோரதி அன்றே பிரவுசிங் சென்டருக்குப் போய், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். ஆண்டவர் கிருபையால் இங்கு எல்லோரும் நலம், அங்கும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம் என்று தொடங்கினாள். பிறகு டாக்டரின் அம்மாவை விசாரித்தாள். மழையைப் பற்றி இரண்டு வரி. விரல் கறுத்த விஷயம் கடைசியில், தன் பெயருக்குச் சற்று மேலே வந்தது. எடுத்த எடுப்பில் கஷ்டத்தைக் கொட்டக்கூடாது என்றுதானே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தாள்?

சுனிதா அந்த மெயிலைத் திறந்தபோது வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். எல்லோரும் நலம் என்ற வரியைப் படித்து நிம்மதியானாள். மீதியைச் சாவகாசமாகப் படிக்கலாம் என்று மூடியவள், மறந்தும் போனாள்.

டோரதி தினமும் போய்ப் பார்த்தாள். பதில் இல்லை.

"நேர்லயே போயிடலாமாங்க?"

"பெரிய விஷயம்னா அவங்களே எழுதியிருக்க மாட்டாங்களா? அந்தப் பொண்ணைத் தொந்தரவு பண்ணாதே டாலி" என்றார் ஓஸ்வால்ட். டோரதியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கறுப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சுனிதா அந்த மெயிலை அச்செடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்து நின்றாள்.

"கடைசி வரைக்கும் படிக்கல ஆன்ட்டி. படிச்சிருந்தா அன்னிக்கே வரச்சொல்லியிருப்பேன். விரலோட போயிருக்கும்."

டோரதி தாளை வாங்கி மேலிருந்து படித்தாள். "முதல் வரியிலேயே பொய் எழுதியிருக்கேம்மா. முப்பது வருஷமா பிள்ளைங்களுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்."

போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தபடி ஓஸ்வால்ட் சொன்னார்: "லெட்டர் நல்லாத்தான் இருக்கு டாலி. பத்துக்குப் பத்து."

யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் ஆர்மோனியம் வாசித்தார். பக்கத்தில் உட்கார்ந்து டோரதி மிதித்தாள். அவளுக்குத் தாளம் பிடிபடவில்லை. பாட்டு நடுநடுவே மூச்சு வாங்கியது. கடைசிப் பெஞ்சில் சுனிதா குனிந்த தலை நிமிராமல் இருந்தாள்.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டிலிருந்து யாருக்கு எழுதினாலும், எல்லோரும் நலம் என்கிற அந்த முதல் வரி மெய்யாகவே இருக்கட்டும்.