பதினோரு முறை செத்தவள்

என் கணவர் துப்பறியும் நாவல்களுக்கு அட்டைப்படம் வரைகிறவர். பதிப்பகம் சின்னது, மாடல் வைக்க வசதி கிடையாது. அதனால் பிணம் வேண்டும் என்றால் நான்தான். இதுவரை பதினோரு முறை செத்திருக்கிறேன். கதையில் மாடிப்படியில் செத்தாலும் காருக்குள் செத்தாலும், நான் கிடப்பது எங்கள் வீட்டுக் கூடத்துத் தரையில். அவர் ஸ்டூல் மேல் உட்கார்ந்து, என்னைப் பார்த்துப் பார்த்து வரைவார். போட்டோவை வைத்து வரைந்தால் பிணம் போஸ் கொடுப்பது போலத் தெரியும் என்பது அவர் கட்சி.

எங்கள் மகள் என்னைத் தாண்டிக்கொண்டு போவாள். "அம்மா, செத்து முடிச்சதும் பென்சில் சீவிக் குடு" என்பாள். நானும் சிரித்துத் தொலைத்திருக்கிறேன்.

போன வாரம் பதிப்பாளர் வீட்டுக்கு வந்தார். புது வரிசை ஒன்று ஆரம்பிக்கிறாராம், கதாநாயகி ஒரு பெண் இன்ஸ்பெக்டராம். "இந்தத் தடவை பொணமே வேணாம். அட்டை முழுக்க அவ முகம்தான்."

"நான் நிக்கிறேன்" என்று முந்திக்கொண்டு சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே ஒரு அட்டையிலாவது உயிரோடு வந்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவருடைய காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். மூக்கு, உதடு, முகவாய் எல்லாம் மளமளவென்று வந்துவிட்டன. கண்ணில் மாட்டிக்கொண்டார். வரைந்தார், அழித்தார், மறுபடி வரைந்தார். தாளே நைந்துபோனது.

"என்னங்க ஆச்சு?"

"நீ இப்படிப் பாத்தா எனக்குக் கை ஓடல. கொஞ்சம் கண்ண மூடிக்கோயேன்."

"இன்ஸ்பெக்டர் தூங்கிட்டா எவன் கொலகாரனப் புடிக்கிறது?" கேலியாகத்தான் ஆரம்பித்தேன், முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் இந்த மனிதர் என் முகத்தை மணிக்கணக்காகப் பார்த்ததெல்லாம் நான் பிணமாகக் கிடந்தபோதுதான். அது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் படத்தை முடித்துவிட்டார். இன்ஸ்பெக்டருக்குக் கூலிங் கிளாஸ் மாட்டியிருந்தார்.

போனில் அனுப்பியதும் பதிப்பாளர் கூப்பிட்டுச் சந்தோஷத்தில் குதித்தார். "அந்தக் கண்ணாடிதான்யா கெத்தே! அடுத்த மாசத்துக்கு ஒரு பொணம் வேணும், தங்கச்சிகிட்ட சொல்லிடு."

"வேற ஆளப் பாத்துக்குங்க" என்றேன் என் கணவரிடம். "நான் செத்தது போதும்."

"என்ன, கோவமா?" என்று கேட்டார்.

அதையும் படத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார்.