பஞ்சாங்கத்தில் இல்லாத பல்லிகள்

வீட்டை விட்டுக் கிளம்புமுன் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பது ஞானசௌந்தரியின் வழக்கம். தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்து, இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தால்தான் தாலுகா அலுவலகத்தில் அவளுக்குத் தட்டச்சு ஓடும்.

"தாழ்ப்பாள் தேஞ்சிடப் போவுது சௌந்தரி" என்பார் அண்ணன் சுப்ராயன். மனைவியை இழந்தவர். மகள் அமுதத்தைத் தங்கைதான் வளர்த்தாள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கோடையில் அவளது கவலைக்கு மேலும் இரண்டு உயிர்கள் வந்து சேர்ந்தன. பக்கத்து வீட்டு ஜெகபர் சாதிக் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பெரிய பல்லிகள் அவை. ஒரு சாண் நீளம், சாம்பல் நீல உடம்பில் செம்புள்ளிகள். அவர் சவூதிக்குப் போனபின் அவற்றின் கண்ணாடித் தொட்டி அவர் வீட்டு விறகறையில் கிடந்தது.

"அவுக ஆசையாக் கொண்டாந்தாக. எனக்குக் கிட்டப் போவவே நடுங்குது. நீயே எடுத்துட்டுப் போம்மா" என்றாள் அவர் மனைவி ஆஸியா பீவி.

இரண்டும் எலும்பும் தோலுமாக இருந்தன. உரியாத பழைய தோல் விரல்களை இறுக்கியிருந்ததால் கண்ணாடியில் ஏற முடியாமல் வழுக்கி விழுந்தன. ஞானசௌந்தரி ஈரத் துணியில் பொதிந்து வைத்து, ஊறிய தோலைப் பஞ்சால் சிறிது சிறிதாக நீக்கினாள். கரப்பான் பிடித்துப் போட்டாள். மூடியைப் போட்டுவிட்டுப் படுப்பாள். எழுந்து வந்து பார்ப்பாள். ஆண் பல்லி தேறிக் கண்ணாடியில் ஏறியது. பெட்டைக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

தேறிய ஆண் பல்லி ஒரு நாள் தெருவே கேட்கும்படி "டொக்கே, டொக்கே" என்று கத்தியது. சுப்ராயன் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"நம்ம ஊர்ப் பல்லி சொன்னா பலன் போட்டிருக்கு. இது எந்தப் பாஷையில சொல்லுதுன்னு யாருக்குத் தெரியும்? வெள்ளிக்கிழமை அமுதத்தைப் பொண்ணு பாக்க வர்றாங்க. கொண்டுபோய்க் கொடுத்துடு."

"செத்துடும்ணே. பெட்டை இன்னும் எழுந்திரிக்கலை."

அவர் பஞ்சாங்கத்தை மூடிக்கொண்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை பூ வாங்கிக்கொண்டு ஞானசௌந்தரி திரும்பியபோது மாப்பிள்ளை வீட்டாரான விழிதியூர்க்காரர்கள் வந்துவிட்டிருந்தார்கள். கூடத்தில் தொட்டி இருந்த மூலை காலியாக இருந்தது. அண்ணனைப் பார்த்தாள், அவர் விசிறியைப் பார்த்தார். விருந்தினர் முன் கேட்க முடியாது. காபித் தம்ளர்களை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். தங்கள் விறகறையை எட்டிப் பார்த்தாள், கிணற்றடியில் தேடினாள், திரும்பி வந்தாள். அமுதம் வந்து கும்பிட்டதைக்கூட அவள் சரியாகப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் தையல்நாயகியோ நிதானமாகத் தன் ஊர் நடவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது சுவரிலிருந்த சாதாரண வீட்டுப் பல்லி ஒன்று 'ச்சு ச்சு' என்றது. என்ன பலனோ என்று சுப்ராயன் பஞ்சாங்கத்தைத் தேடினார்.

தையல்நாயகி தரையை விரலால் தட்டினாள். "கெழக்கால சொல்லுது, நல்ல சகுனம். எங்களுக்குச் சம்மதங்க."

எல்லோரும் சிரித்த அந்த நேரத்தில் ஞானசௌந்தரிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, என் பல்லிங்க எங்க?"

சிரிப்பு நின்றது. தெரியாது என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். சுப்ராயன் எழுந்தார்.

"கொல்லைத் தகரக் கொட்டாயில" என்றவர், அவளுக்கு முன்னால் தாமே ஓடினார்.

கொட்டகை அடுப்பாகக் கொதித்தது. தொட்டிமேல் போட்டிருந்த சாக்கை விலக்கியபோது ஆண் வாயைப் பிளந்திருந்தது. பெட்டை மல்லாந்து கிடந்தது. பல்லி மேலே பட்டால் தலைமுழுகும் சுப்ராயன் பெட்டையை வெறுங்கையால் எடுத்து, நனைத்த மேல்துண்டில் கிடத்தினார். ஞானசௌந்தரி தொட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னே வந்தாள். அவர் கூடத்துக்குள், விருந்தினர் நடுவிலேயே வந்து உட்கார்ந்தார்.

"சம்மதம் சொன்னது இருக்கட்டும், இதையும் தெரிஞ்சுக்குங்கம்மா. சகுனத்துக்குப் பயந்து இதுங்களை வெயில்ல போட்டது நான். இது என் தங்கச்சி காப்பாத்துன உசுரு. இந்த வீட்டுலதான் இருக்கும்."

தையல்நாயகி எட்டிப் பார்த்தாள். "விசிறியைக் குடுங்க, நான் வீசுறேன். நீங்க தண்ணி காட்டுங்க."

சுப்ராயன் விரலைத் தண்ணீரில் தோய்த்து அதன் வாயருகே நீட்டினார். நெடுநேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு சிறிய நாக்கு ஒன்று வெளியே வந்து விரல் நுனியைத் தொட்டது. அவர் மறுபடியும் விரலைத் தோய்த்தார்.