'வேண்டாம்' என்பதும் பதில்தான்

அலாரம் அடிப்பதற்கு முன்பே விழித்துவிடுகிறேன். பல் தேய்க்கிறேன். பால் காய்ச்சுகிறேன். அரை லிட்டர் பாக்கெட் எனக்கு அதிகம். மிச்சத்தை மறுநாள் கொட்டுகிறேன். சட்டைக்கு முன்பக்கம் மட்டும் இஸ்திரி போடுகிறேன். முதுகைக் கோட்டு மறைத்துவிடும்.

ஷூ மாட்டும்போது அத்தை போன் செய்வார். என் மனைவியின் அம்மா.

"மாப்பிள்ளை, சாப்டீங்களா?"

"சாப்ட்டேன் அத்தை."

"என்ன சாப்டீங்க?"

"பிரெட்."

"அது காய்ச்சக்காரன் சாப்பிடறது. ஆம்பளைக்கு எப்படிப் பத்தும்?"

அப்புறம் அவரே சொல்வார். "உயிர் போற நேரத்துலயும் யாருக்காவது உதவட்டும்னு சொல்லிட்டுப் போயிருக்கா பாருங்க. என் வயித்துல பொறந்தவ."

"ஆமா அத்தை" என்பேன். கதவைப் பூட்டுவேன். பஸ் பிடிப்பேன்.

அவள் அப்படிச் சொல்லவில்லை.

நான் ஒரு பெரிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளன். கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து நோயாளிகளிடம் அனுப்புவது என் வேலை. இப்போது நடப்பது வலி பற்றிய ஆய்வு. வந்தவுடன் வலி எவ்வளவு, மருந்து கொடுத்த பிறகு எவ்வளவு. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். நோயாளி சம்மதித்தால் மாணவர் அதை டேப்லெட்டில் பதிவார்.

இன்று காலை புது அணி வந்திருந்தது. கூட்ட அறையில் ஒரு காலி ஸ்ட்ரெச்சரைப் போட்டு நான் நோயாளியாகப் படுத்துக்கொண்டேன். நர்ஸ் வேடம் கண்ணாடிக்கு. மூன்றாம் ஆண்டு மாணவி. தடிமனான மூக்குக்கண்ணாடியால் வந்த பெயர். சென்ற ஆண்டு என்னிடம் பயிற்சி பெற்றவள், இப்போது என்னோடு சேர்ந்து பயிற்சி கொடுக்கிறாள். என்னை அண்ணா என்று கூப்பிடுவாள்.

முதலில் நடிக்க வந்தவள் ஒரு சின்னப் பெண். அவள் குரலுக்குக் கதவே அதிர்ந்தது. வந்த அரை மணிக்குள் மற்றவர்கள் அவளுக்கு மைக் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"வணக்கம் சார்! உங்களுக்கு எவ்வளவு வலிக்குது?"

"நீ கத்தின கத்துல காதுதான் வலிக்குது" என்றான் பின்னால் ஒருவன்.

"பேசாம இருடா. நீ வந்து நடி, நான் பார்க்கறேன்."

"முதல்ல நர்ஸ்கிட்ட கேக்கணும்" என்றாள் கண்ணாடி. "இந்தப் பேஷன்ட்கிட்ட இப்போ பேசலாமான்னு. நான் என்ன இங்க பொம்மையா?"

சிரித்தார்கள். நான் படுத்தபடியே மற்றதைச் சொன்னேன். நர்ஸுக்கும் நோயாளிக்கும் நடுவில் நிற்காதீர்கள். ஸ்டூல் இருந்தால் உட்கார்ந்து பேசுங்கள். டாக்டர் இல்லை, மாணவர் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். ஏன் என்று கேட்காதீர்கள். வேண்டாம் என்பதும் பதில்தான்.

அப்புறம் எழுந்து உட்கார்ந்து அந்தக் கதையைச் சொன்னேன். ஒவ்வொரு அணிக்கும் சொல்வதுதான். என் மனைவி தாங்க முடியாத வயிற்றுவலியோடு இதே பிரிவுக்கு வந்தாள். ஆய்வுக்கு முதலில் வேண்டாம் என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "கேக்கச் சொல்லுங்க, யாருக்காவது உதவட்டும்" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

அவள் இறந்த அன்று அறுவை அரங்கின் வாசலில் அத்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "என்ன சொன்னா, கடைசியா என்ன சொன்னா?" என்று கேட்டபோது என் வாயில் தானாக வந்தது அது. பக்கத்தில் எங்கள் தலைமை டாக்டர் நின்றிருந்தார். பயிற்சியில் இதைச் சொல்லுங்கள், பிள்ளைகள் மனதில் நிற்கும் என்றார். நின்றது. இன்றும் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

கண்ணாடி மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று டேப்லெட்டோடு கட்டிலருகே நின்றவள் அவள்தான்.

மதியம் அவர்களை உள்ளே அழைத்துப் போனோம். ஐந்தாம் கட்டிலில் ஒரு நடுவயதுப் பெண், வலது மணிக்கட்டு வீங்கி, மடியில் கைப்பையோடு தனியாக இருந்தாள். எக்ஸ்ரேவுக்குக் காத்திருந்தாள். மைக் முதலில் நர்ஸிடம் கேட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரலையும் தணித்துக்கொண்டாள். எல்லாம் சரி. நான் நான்கடி தள்ளி நின்றேன்.

"வேணாம்மா. இப்ப எதுவும் பேச முடியல" என்றாள் அந்தப் பெண்.

மைக் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை.

"அம்மா, ஒரு நிமிஷம். அதோ நிக்கிறாரே எங்க சார், அவரோட மனைவியும் இங்கதான் வலியோட வந்தாங்க. அவங்களும் முதல்ல வேணாம்னுதான் சொன்னாங்க. அப்புறம், யாருக்காவது உதவட்டும்னு அவங்களே சொல்லிட்டாங்க. அன்னிக்கே போயிட்டாங்க."

அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். வீங்கிய கையைப் பிடித்தபடி எனக்காகக் கண் கலங்கினாள். எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை.

"குடும்மா. எங்க கையெழுத்து போடணும்?" என்றாள். இடது கை விரலால் டேப்லெட்டில் கிறுக்கத் தொடங்கினாள்.

நான் போய் டேப்லெட்டை வாங்கினேன். "நீங்க வேணாம்னு சொல்லிட்டீங்கம்மா. அது போதும்."

"பரவாயில்ல தம்பி. உங்க வீட்டுல அவ்வளவு பெரிய மனசு பண்ணியிருக்காங்க. நான் ஒரு நம்பர் சொன்னா குறைஞ்சா போயிடுவேன்?"

அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பதிவை அழித்தேன். நன்றி சொன்னேன். மைக்கை வெளியே வரச் சொன்னேன்.

நடைபாதையில் அவள் அழத் தயாராக இருந்தாள். "நான் பொய் எதுவும் சொல்லல சார். நீங்க சொன்னதைத்தானே சொன்னேன்?"

"ஆமா. உன் மேல தப்பில்ல."

"அப்புறம் ஏன் அழிச்சீங்க?"

கண்ணாடி மற்றவர்களைக் கூட்ட அறைக்கு அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள்.

"அண்ணா, இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்தேன். உங்க துக்கம், நான் யார் பேசறதுக்குன்னு. இப்ப இவ நாளைக்கு இன்னும் பத்து பேர்கிட்ட போவா. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"அத்தை காதுக்குப் போயிடும்."

"போகும்."

"காலையில போன் பண்ணுவாங்க."

"பண்ணட்டும் அண்ணா. நீங்க எடுங்க."

உள்ளே போனோம். ஸ்ட்ரெச்சர் அப்படியே கிடந்தது. நான் அதில் உட்காரவில்லை. நின்றபடி சொன்னேன்.

காலையில் சொன்னது பொய் என்றேன். என் மனைவி வேண்டாம் என்றதும் கண்ணாடி நன்றி சொல்லி, டேப்லெட்டை மூடிக்கொண்டு நகர்ந்தாள். சொல்லிக்கொடுத்தபடியே செய்தாள். நான்தான் திரும்பக் கூப்பிட்டேன். அந்த மாதம் ஆய்வுக்குப் போதுமான ஆட்கள் சேரவில்லை. தவிர, எனக்குப் பயமாக இருந்தது. டாக்டர்கள் வந்து வந்து அவள் வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே எனக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான். "என் மனைவிதான், சும்மா கேளு" என்றேன். கண்ணாடி தயங்கினாள். நானே கேட்டேன். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று, முன்பின் தெரியாத ஆளிடம் கேட்பதுபோல.

"என்ன நம்பர் சொன்னாங்க?" என்றாள் மைக். அவள் குரல் வெளியே வரவே இல்லை.

பதிவில் ஏழு என்று இருக்கிறது. அந்த ஏழு நான் போடச் சொன்னது. அடுத்த நிமிஷம் அவளை அறுவை அரங்குக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பி வரவில்லை.

"அவங்க நம்பர் எதுவும் சொல்லல" என்றாள் கண்ணாடி. பிறகு என்னைப் பார்த்தாள்.

என் மனைவி என்னையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துக் கடைசியாகச் சொன்னது இதுதான்.

"எந்த நம்பர் சொன்னா நீங்க ரெண்டு பேரும் போவீங்க? அதையே போட்டுக்குங்க."