மூன்றாவது பங்கு

சம்சு சாராயத்தைச் சின்னப் போத்தலில் விற்கக் கூடாது என்று சட்டம் வந்த அன்று, நான் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன். பெரிய போத்தல் மட்டும்தான் விற்கலாம்; அந்த விலை கொடுத்து இல்லாதப்பட்டவர்கள் வாங்க மாட்டார்கள், ஈரல் பிழைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். சட்டம் போட்டவர்களுக்கு என் வீட்டுக்காரர் சுகுமாரனைத் தெரியாதே!

அடுத்த வாரமே மூன்று பேர் கொங்சி சேர்ந்துவிட்டார்கள். இவர், இவரோடு மாக் மண்டின் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் திருநாவுக்கரசு அண்ணன், மேல்மாடிக் குகன். ஆளுக்கொரு பங்கு போட்டு ஒரு பெரிய போத்தல் வாங்குவார்கள். சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் கல்மேசைதான் அவர்கள் இடம். முன்பெல்லாம் தனியாகக் குடித்துவிட்டுச் சுருண்டு கிடந்த மனிதர், இப்போது சிரித்துச் சிரித்துக் குடித்தார். பாழாய்ப்போன சிரிப்பு, அழகாகத்தான் இருந்தது.

போன மாதம் டாக்டர் அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "இனி ஒரு சொட்டுகூடக் கூடாதும்மா. குடிச்சா ஆளு இருக்க மாட்டாரு."

நான் நேராகக் கல்மேசைக்குப் போனேன். "இனிமே எங்க வீட்டுப் பக்கம் ரெண்டு பேரும் தலை வச்சுப் படுக்கக் கூடாது!" என்று கத்திவிட்டு வந்தேன்.

அவர் குடியை விட்டுவிட்டார். ஆனால் பொழுது சாய்ந்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து கீழேயே பார்ப்பார். ஒருநாள் அவர் இடத்தில் யாரோ ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தான்.

"புஷ்பா, அது என் எடம் லா," என்றார். அன்று அவர் சோற்றைத் தொடவில்லை.

எனக்குப் பயம் வந்தது. அந்த இடத்தைப் பிடிக்கவே மனிதர் மறுபடி போத்தலிடம் போய்விடுவார். கூடவே கோபமும் வந்தது. இத்தனை வருஷக் கூட்டாளிக்கு அதற்குள் மாற்று ஆளா?

மறுநாள் இறங்கிப் போனேன். "கொஞ்சம் எந்திரிங்க," என்றேன். புது ஆள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நழுவினான். நான் உட்கார்ந்து காசை மேசையில் வைத்தேன்.

"மூணாவது பங்கு இனி நான்தான்."

"அக்கா, வெளையாடாதீங்க லா," என்றான் குகன்.

"ஊத்துப்பா."

ஊற்றினான். கிளாஸை எடுத்துப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தேன். திருநாவுக்கரசு அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயையோ தங்கச்சி! கொட்டவா வாங்குனோம்?"

"அவரு ஈரல்ல கொட்டுனதுக்கு இது எவ்வளவோ மேல்ண்ணே." காலிக் கிளாஸை மேசையில் வைத்தேன். "அவரு சாராயத்துக்கு ஏங்கலண்ணே. உங்க ரெண்டு பேருக்குத்தான் ஏங்குறாரு. ஜன்னல்லயே கெடக்குறாரு."

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

 அண்ணன் போத்தலை என் பக்கம் நகர்த்தினார். "மிச்சத்தையும் நீயே ஊத்திடு. நான் பாக்க மாட்டேன்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குகன் அடுக்குமாடி முழுக்கக் கேட்கக் கத்தினான். "சுகு அண்ணே! எறங்கி வாங்க, தே ஓ தேத்தண்ணி குடிக்கலாம். உங்க எடம் காலியாத்தான் கெடக்கு!"

படியில் செருப்புச் சத்தம் தடதடவென்று கேட்டது. என் மனுஷன் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.