கத்தினால் வராத மனிதர்

கூலிக்குச் சாகிறவள் நான். பதறாதீர்கள், டப்பிங் வேலையைச் சொல்கிறேன். வீடியோ கேமில் குண்டு பட்டு விழுகிற பெண்களுக்குக் குரல் கொடுப்பேன். சுவரெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டிய ஒரு சின்ன அறைக்குள் மைக் முன்னால் நின்றுகொண்டு தீப்பிடித்துச் சாவேன், மாடியிலிருந்து விழுந்து சாவேன், குத்துப்பட்டுச் சாவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் டைரக்டர் காபியை உறிஞ்சிக்கொண்டே, "மேடம், இன்னும் கொஞ்சம் வலிக்கட்டும்" என்பார். வலிக்கவைப்பேன். நடுவில் வெந்நீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் சாவேன்.

கடைசியாக வந்த கேமில் ஓர் ஊரே எரிகிறது. அதில் ஒருத்தி, "என்னங்க! என்னங்க!" என்று புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டே சாகிறாள். அவளும் நான்தான். ஆடுகிறவர் நின்று அவளைத் தூக்கிவிட்டால் ஒரு பாயின்ட்டும் கிடையாது. நேரம்தான் போகும், பின்னாலிருந்து எவனாவது சுட்டுவிடுவான். அதனால் விவரம் தெரிந்தவர்கள் அவளைத் தாண்டிக் குதித்துப் போய்விடுவார்கள்.

எங்கள் வீட்டுக்காரரும் விவரம் தெரிந்தவர். லிஃப்ட் மெக்கானிக். ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காத மனிதர். கரப்பான்பூச்சியைத் தாளில் ஏந்தி வெளியே விடுவாரென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து வந்தால் டிவி முன்னால் உட்கார்ந்து, சத்தத்தை அலறவிட்டு, எங்கெங்கோ இருந்து கூட ஆடும் கூட்டாளிகளோடு மைக்கில் பேசிக்கொண்டே சுட ஆரம்பித்துவிடுவார். "டேய் மொட்டை, இப்ப செத்தாளே, அது என் பொண்டாட்டிடா!" என்று பெருமை வேறு.

இந்த மாதிரி கேம் ஆடுகிறவன் நாளைக்கு நிஜமாகவே கத்தியைத் தூக்குவான் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "நான் யாரையாவது அடிச்சிருக்கேனா? நீயே சொல்லு!" என்பார். அடித்ததில்லை. கை ஓங்கினதுகூட இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுப்படியில் மேல்தட்டிலிருந்து பெரிய பாத்திரத்தை எடுக்க ஸ்டூல் மேல் ஏறினேன். ஸ்டூல் வழுக்கியது. பாத்திரம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கணுக்கால் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பார்த்தால் பாதம் திரும்பக் கூடாத பக்கம் திரும்பிக் கிடக்கிறது.

"என்னங்க! அய்யோ, என்னங்க!"

ஹாலில் வெடிச்சத்தம். நடுநடுவே அவர் சிரிப்பு. என் போனும் அங்கேதான் சார்ஜில் கிடந்தது. அடிவயிற்றிலிருந்து மறுபடியும் கத்தினேன். இந்தத் தடவை பதில் வந்தது.

"ஏம்மா, ப்ராக்டிஸ அப்புறம் வெச்சுக்கயேன்! இங்க கேமே கேக்க மாட்டேங்குது!"

அடப்பாவி மனுஷா! வீட்டில் நான் ஒத்திகை பார்ப்பது உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஒத்திகைக்குப் பாத்திரம் உருளுமா? ஸ்டூல் கவிழுமா?

"ப்ராக்டிஸ் இல்லங்க! நிஜமாவே விழுந்துட்டேன்! கால் போச்சுங்க!"

"சூப்பர்! இதுதான் சூப்பரா இருக்கு!" என்றவர் மைக்கில் சொன்னார்: "அடுத்த பார்ட்டுக்கு இப்பவே ரெடியாகுறாடா!" மொட்டை என்ன சொன்னானோ, இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது, அதுதான் கொடுமை. பாராட்டுகிற அளவுக்குக் கேட்டிருக்கிறது! தரையில் கிடந்தபடி யோசித்தேன். உயிர் போகிற மாதிரி கத்தினால் இந்த ஆள் வரமாட்டார். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக் கடித்து அழுகையை அடக்கினேன். மூச்சை இழுத்துவிட்டு, தினமும் பேசுகிற குரலில் சொன்னேன்.

"என்னங்க, சாப்பாடு எடுத்து வெச்சுட்டேன். ஆறிடப் போகுது."

"இதோ வந்துட்டேன்!"

வந்தார். வந்துவிட்டார் ஐயா, கையைக்கூடக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார்!

என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனது. தூக்கினார், அழுதார், ஆட்டோ பிடித்தார். ஆஸ்பத்திரியில் தகடு வைத்து ஸ்க்ரூ முடுக்கி அனுப்பும்வரை என் பக்கத்தை விட்டு நகரவில்லை. "இப்படி ஒரு புருஷன் கிடைக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும்மா" என்று நர்ஸம்மா சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு கேட்டுவிட்டேன். "நான் அத்தனை கத்து கத்தினேனே, ஏங்க வரல?"

"நீ கொஞ்சம் வேற மாதிரி கத்தியிருக்கணும்மா. தினம் கேக்குற மாதிரியே கத்துனா எனக்கு எப்படித் தெரியும்?"

வேறு மாதிரி! எலும்பு உடைந்து கிடப்பவள் எந்த ராகத்தில் கத்த வேண்டும் என்று இவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டுமாம். வாயில் நன்றாக வந்தது. அதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"உடனே கேம் மேல பழியப் போடாத. அந்தக் கேம் ஆடி நான் யாரையும் அடிச்சுடல."

"அடிக்கலைங்க. எழுந்தும் வரல."

"ஒரு தடவை தப்பு நடந்துடுச்சு. இனிமே நீ கூப்பிட்டா ஓடி வந்துடுவேன். போதுமா?"

போதாது. கால் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. இவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூம்வரை போகிறேன். நாளைக்கு அங்கே விழுந்து கூப்பிட்டால் இவர் வருவாரா, மாட்டாரா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். வாய்ப்பேச்சில் அது தெரியாது.

அவர் ஆடுகிற ஆட்டமெல்லாம் தானாகவே பதிவாகும். மைக் வழியாக அடுப்படிச் சத்தமும் அதில் விழுந்திருந்தது. அவர் வேலைக்குப் போயிருந்த நேரம் அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேடி எடுத்தேன். அதில் இரண்டு விதமான "என்னங்க" இருந்தன. ஒன்று தரையில் கிடந்து நான் கத்தியது. இன்னொன்று ஸ்டுடியோவில் காசு வாங்கிக்கொண்டு கத்தியது. சாயங்காலம் அவரை உட்காரவைத்து, திரையை மறைத்து, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டேன்.

"இதுல எது நான் விழுந்தப்ப கத்தினது?"

"என்னம்மா, பரீட்சையா வெக்கிற?"

"சொல்லுங்க."

இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நெற்றி வேர்த்தது. பாவம், சரியாகச் சொல்ல வேண்டும் என்று மனதாரத்தான் பாடுபட்டார். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டிய பெண்டாட்டியின் வேதனையைக் கண்டுபிடிக்க ஒரு மனிதர் இவ்வளவு கஷ்டப்பட வேண்டுமா?

"ரெண்டாவது" என்றார் கடைசியில். "சந்தேகமே இல்ல. அதுலதான் உயிர் போற வலி தெரியுது. மொதல்ல வந்தது சும்மா நடிப்பு."

இரண்டாவது ஸ்டுடியோவில் எடுத்தது.

நான் கத்தவில்லை. கத்தி என்ன பிரயோஜனம்? போனை எடுத்து என் தங்கையைக் கூப்பிட்டேன். அவள் அச்சகத்தில் வேலை செய்கிறாள். பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாத இடம் அது. அவள் எடுத்ததும் மெஷின் இரைச்சல்தான் முதலில் வந்தது.

"ஒண்ணுமில்லடி. சும்மாதான் கூப்பிட்டேன்" என்றேன்.

"என்னக்கா ஆச்சு?" என்றாள் அவள், அந்த இரைச்சலுக்குள்ளிருந்து. "உன் குரலே சரியில்லையே. இரு, இப்பவே கிளம்பி வரேன்."